மேசையில வையுங்கோ

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் ஓடுகிற பஸ்களில் மிச்சக் காசு வாங்குவதே பெரிய பாடு. கொண்டக்டர் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் சில்லறையை எங்கள் உள்ளங்கையில் கொட்டுவார். நாங்கள் எண்ணிப் பார்ப்பதற்குள் பின்பக்கம் போய்விடுவார். அவளிடம் மட்டும் அது சரிவராது. அவள் கையை நீட்ட மாட்டாள். காசோடு நிற்கிற கொண்டக்டரின் உள்ளங்கையிலிருந்து, கோழி நெல் பொறுக்குவது போல, ஒவ்வொன்றாகத் தானே எடுப்பாள். பின்னால் நிற்கிற சனம் புறுபுறுக்கும்.

ஒருநாள் நானும் கூட இருந்தேன். கொண்டக்டர் பொறுமை இழந்து, "என்ன தங்கச்சி, கையில தேளே வைச்சிருக்கிறன்?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. நீங்கள் பிடிச்சிருங்கோ, நான் எடுக்கிறன்" என்றாள் அமைதியாக.

கடைகளில் என்றால் ஒரே சொல்தான். "மேசையில வையுங்கோ." மருந்துக்கடையில், சந்தையில், அரிசி ஆலையில், எங்கேயும் அதுதான். மேசையில் வைத்தால் எடுப்பாள். கையில் தர வந்தால், தருகிறவரின் கை அந்தரத்தில் நிற்கும். கோயிலில் ஐயர் திருநீறு தரும்போது என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. கோயிலுக்குப் போகிற பழக்கம் என்னிடம் இல்லை.

அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், எந்தக் கடலில் நின்றாலும் போன் எடுத்து, "என்னைக் கேட்டே எழுதினனீங்கள்?" என்று பிடித்துக்கொள்வாள். என்னைவிட இளையவள் என்பதால் 'அவள்' என்கிறேன். மனதுக்குள் எனக்கு எப்போதும் மரியாதையான 'அவா'தான்.

நான் வவுனியாவில் நெளுக்குளம், அவள் முல்லைத்தீவுப் பக்கம் உடையார்கட்டு. ஆனால் எங்களுக்குப் பழக்கம் வந்தது ஊரில் இல்லை. உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றுகிற ஒரு பெரிய கப்பலில். அவள் மேல்தட்டில் பயணிகளின் அறைகளைத் துப்புரவாக்கிப் படுக்கை விரிக்கிற வேலை. நான் கடல் மட்டத்துக்கும் கீழே, யன்னல் இல்லாத சலவைப் பகுதியில். கப்பலில் உள்ள அத்தனை பேருடைய விரிப்பும் துவாயும் உடுப்பும் எங்களிடம்தான் வந்து விழும். சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்று தெரியாமலே நாங்கள் பல நாடுகளைப் பார்த்துவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு நான் "ஹோட்டல் பகுதியில வேலை" என்று சொல்லியிருந்தேன். மாமி அதை எடுத்து, "மருமகன் கப்பலில மனேச்சர்" என்று ஒழுங்கை முழுக்கப் பரப்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் மற்றவனுடைய உடுப்பைத் தோய்ப்பதை ஒரு தொழிலாக யாரும் பார்ப்பதில்லை, சாதியாகத்தான் பார்ப்பார்கள். அதனால் நானும் மாமியைத் திருத்தப் போகவில்லை. இதைக் கேள்விப்பட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏன் அண்ணை ஒளிக்கிறியள்? களவே எடுக்கிறியள்? நான் கக்கூஸ் கழுவுறன். அம்மாட்ட அப்பிடித்தான் சொன்னனான்."

"அம்மா என்ன சொன்னவா?"

"நல்லாக் கழுவச் சொன்னவா."

அவளுக்கு ஆகாத சொல் ஒன்று உண்டென்றால் அது 'பாவம்'. எங்கள் வாயில் அது மூச்சு மாதிரி வரும். பூனை நனைந்தாலும் பாவம், பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தடிமன் பிடித்தாலும் பாவம். அவளைப் பார்த்து யாராவது அதைச் சொன்னால் முகம் கல்லாகிவிடும். ஏன் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், சாப்பாட்டு மண்டபத்தில், சோற்றைப் பிசைந்துகொண்டே. சண்டை முடிந்து முகாமுக்குள் விட்டபோது அவள் சின்னப் பிள்ளை. பசித்த சனத்துக்கு லொறியில் நின்று பாண் எறிவார்களாம். இவளும் மற்றப் பிள்ளைகளோடு கையை மேலே நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். யாரோ ஒருவர் அதைப் படம் எடுத்தாராம்.

"பாண் எனக்கு வரேல்லை. படத்தில மட்டும் வந்தனான்" என்றாள். "அண்டைக்கு நீட்டினது காணும் அண்ணை, இனி நீட்டேலாது."

சண்டைக்குள் அகப்பட்டு அந்த முகாமில் நானும்தான் இருந்தேன். அதனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் காசின் கதையைச் சொல்ல வேண்டும். கப்பலில் பயணி ஒவ்வொருவருடைய கணக்கிலும் நாளாந்தம் ஒரு தொகை தானாக ஏறும். பணியாளர்களுக்கான 'ரிப்ஸ்', அதாவது சந்தோசக் காசு என்று அதற்குப் பெயர். சந்தோசத்தையும் கட்டாயமாக வசூலிக்கலாம் என்பதை நான் அங்கேதான் படித்தேன். விருப்பமில்லாத பயணி வரவேற்புக் கவுண்டருக்குப் போய் அதை வெட்டச் சொல்லலாம். வெட்டச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே நியாயத்தைத்தான் சொல்வார்கள்: இது உண்மையில் வேலையாட்களுக்குப் போகிறதா, இல்லைக் கம்பெனி விழுங்குகிறதா?

கேள்வி சரியானது. எங்களுக்கும் அதே கேள்வி இருந்தது. அந்தக் காசு பொதுவில் சேர்ந்து, அறை துப்புரவாக்குகிறவர், சாப்பாடு பரிமாறுகிறவர், கீழே நிற்கிற நாங்கள் என்று பிரிந்து வரும். ஆனால் அது சம்பளத்துக்கு மேலாக வருகிற காசு இல்லை. எங்களோடு பேசிய சம்பளத்திலேயே பெரும் பங்கு அதுதான். கம்பெனி தன் மடியிலிருந்து போடுவது கொஞ்சம். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, அதில் எவ்வளவு எங்களுக்குப் பிரிந்தது என்பதை எங்களில் ஒருவரும் கண்டதில்லை.

"இதைவிட அவையள் கையிலயே தந்தா நல்லம்" என்று நான் ஒருநாள் சொன்னேன்.

அவள் விடவில்லை. "கையில எண்டா உங்களுக்கு ஆர் தருவினம் அண்ணை? உங்களை ஆர் கண்டவை? எனக்குத் தருவினம்தான். ஆனா முகத்தைப் பாத்துத்தான் தருவினம். நான் சிரிச்சா நிறைய, தலையிடியோட நிண்டா குறைய. கணக்கில ஏறினா, சிரிச்சாலும் சம்பளம், சிரிக்காட்டிலும் சம்பளம்."

"அப்ப கம்பெனிக்காரன் செய்யிறது சரியெண்டுறியோ?"

"அதை ஆர் சொன்னது? எங்கட பேரைச் சொல்லி எடுக்கிறதை எங்களுக்குக் காட்டவேணும். அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

உண்மையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மேலாளர் எப்போது கூட்டம் வைத்தாலும், முடிவில் "ஏதும் கேள்வி இருக்கிறதா?" என்பார். எல்லோரும் சப்பாத்தைப் பார்ப்பார்கள். இவள் கையை உயர்த்துவாள். பிறகு சொல்கிறேன் என்பார் அவர். அடுத்த கூட்டத்தில் அந்தப் 'பிறகு' எங்கே என்று கேட்பாள்.

இதையெல்லாம் வைத்து அவளுக்குக் காசு தேவையில்லை என்று நினைக்கக் கூடாது. உடையார்கட்டில் அவளுடைய வீடு சுவர் எழும்பிய மட்டில் நின்றது. கூரை இல்லை. தாய் அதற்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார். தாய் அனுப்புகிற படங்களை எனக்குக் காட்டுவாள். "பாருங்கோ அண்ணை, எங்கட விறாந்தையில ஆடு மேயுது." சிரித்துக்கொண்டுதான் காட்டுவாள். ஆனால் அந்த முறை ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போது கூரை போட்டே ஆகவேண்டும், மாரிக்கு முதல் தாயை உள்ளே குடியேற்ற வேண்டும் என்பதுதான் அவளுடைய மூச்சும் பேச்சும்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தக் குடும்பம் ஏறியது. கனடாவில் இருந்து வந்த எங்கள் ஆட்கள். ஒரு ஐயாவுடைய அறுபதாவது பிறந்தநாளைக் கொண்டாட மனைவி, பிள்ளைகள், சகோதரங்கள் என்று ஒரு நடைபாதையையே நிறைத்துவிட்டார்கள். அது இவளுடைய நடைபாதை.

தமிழ்ப் பிள்ளை ஒன்று கதவைத் தட்டியதும் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. சூட்கேசில் கொண்டுவந்த பகோடாவும் பயத்தம் பணியாரமும் அவளுக்குப் போனது, அவளிடமிருந்து எனக்கும் வந்தது. ஐயா வழக்கமான விசாரணையைத் தொடங்கினாராம்.

"பிள்ளை எந்த இடம்?"

"உடையார்கட்டு, அங்கிள்."

"அது சரி. அதுக்கு முதல்?"

"அம்மப்பா ஆக்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்தவை."

"ஓ… பாவம்" என்றாராம் ஐயா. எதற்காகப் பாவம் என்று அவர் விளக்கவில்லை. அவர் நல்ல மனிதர்தான். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. அதை அவளும் சொன்னாள், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு.

ஐயா வேட்டி கட்டுகிறவர். ஒருநாள் அவருடைய வேட்டி சலவைக்கு வந்தது. எங்கள் பகுதியில் இருந்தவர்கள் அதை மேசை விரிப்பு என்று நினைத்து உணவுச்சாலைக் குவியலில் போட்டுவிட்டார்கள். நல்ல காலம், நான் கண்டு இழுத்தெடுத்தேன். கரையோடு கரை பொருத்தி, கையால் நீவி, ஊரில் மடிக்கிற மாதிரி மடித்து அனுப்பினேன். ஐயாவுக்கு ஆச்சரியம். "ஆர் பிள்ளை இதை மடிச்சது? எங்கட ஆளோ?" என்று கேட்டிருக்கிறார்.

விழா நாளன்று அவள் கீழே இறங்கி வந்தாள். கையில் பட்டு வேட்டியும் சால்வையும்.

"அண்ணை, இதை நீங்கள்தான் செய்யவேணும். செய்து நீங்களே மேல கொண்டு வாங்கோ. அவர் உங்களைப் பாக்க விரும்புறார்." என் மேற்பார்வையாளரிடம் அவளே அனுமதியும் வாங்கிவிட்டாள்.

பின்னேரம் போல நான் வேட்டியை ஏந்திக்கொண்டு மேலே போனேன். பயணிகளின் நடைபாதையில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கம்பளத்தில் என் சப்பாத்துச் சத்தமே கேட்கவில்லை. போய்ப் பார்த்தால், ஐயாவின் அறை வாசலில் குடும்பமே கூடி நிற்கிறது. ஐயாவின் கையில் ஒரு தடித்த கடித உறை. மகள் போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுக்கிறாள். நடுவில் இவள், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு.

"கையை நீட்டு மோனை" என்றார் ஐயா.

"மேசையில வையுங்கோ அங்கிள்."

"கையில வாங்கினாத்தானே படம் வடிவா இருக்கும். நீட்டு."

"இது என்னத்துக்கு அங்கிள்?"

ஐயாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நாங்கள் எல்லாரும் கவுண்டருக்குப் போய் அந்த ரிப்ஸை வெட்டிப்போட்டம். ஏன் கம்பெனிக்காரனுக்குத் தின்னக் குடுப்பான்? எங்கட எல்லா அறையின்ர காசும் இதுக்குள்ள இருக்கு. எல்லாம் உனக்குத்தான். வன்னியில கஷ்டப்பட்ட பிள்ளை, பாவம்."

உறையின் தடிப்பைப் பார்த்தேன். எனக்கு அதற்குள் தெரிந்தது காசு இல்லை, கூரை. மரமும் ஓடும் கூலியும் எல்லாம் அதற்குள் இருந்தன. சந்தோசக் காசை வெட்டிய பயணி கையில் எது தந்தாலும் அதைப் பொதுவில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் கப்பலில் ஒரு சட்டம் உண்டு. ஆனால் பார்க்கிறவர் யார்? தமிழில் பேசி, தமிழில் கொடுத்து, தமிழில் வாங்குகிற காசு. எடு பிள்ளை, எடு என்று என் மனம் கத்தியது.

அவள் என்னைக் கண்டாள். கண்டதும் முகம் தெளிந்தது.

"அங்கிள், உங்கட வேட்டியை மடிச்சது ஆரெண்டு கேட்டனீங்கள். இவர்தான். நெளுக்குளம்."

"அப்பிடியே! நல்ல வேலை தம்பி, நல்ல வேலை."

"நீங்கள் வெட்டினது இவற்ற காசு."

ஐயாவுக்கு விளங்கவில்லை. அவள் மெதுவாகத்தான் சொன்னாள். குரல் உயரவே இல்லை.

"அது கம்பெனிக்காரன்ர காசில்லை அங்கிள். இவற்றயும், இவரோட கீழ நிக்கிறவையின்ரயும் சம்பளம். அவையை நீங்கள் ஒருநாளும் காணமாட்டீங்கள். கண்டாத்தானே கையில குடுக்கலாம்? அதுக்குத்தான் அது கணக்கில ஏறுது."

"அப்ப அந்தக் காசு உண்மையா உங்களுக்கு வருதோ?"

"வருது. முழுக்க வருதோ எண்டு எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன், இன்னும் சொல்லுறாங்களில்லை. ஆனா நீங்கள் வெட்டினா வராது. அது வடிவாத் தெரியும்."

"சரி சரி. நீ இதைப் பிடி. மற்றவைக்கும் நீயே பாத்துக் குடன்."

"நான் பாத்துக் குடுத்தா அது நான் போடுற பிச்சை. எங்களுக்குச் சம்பளம் காணும் அங்கிள். போய்த் திருப்பிப் போடுங்கோ. அதுக்குப் பிறகு, பிள்ளை நல்லாப் படுக்கை விரிச்சவள் எண்டு நினைச்சு ஏதும் தந்தா, சந்தோசமா எடுப்பன். மேசையில வையுங்கோ." கொஞ்சம் நிறுத்தினாள். "அதோட, பாவம் எண்டு சொல்லாதேங்கோ."

மகள் போனை இறக்கினாள். ஐயா சிவந்து போனார். "நல்லதுக்குக் காலமில்லை" என்று சொல்லி உறையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவர் பிழையான ஆள் இல்லை. அன்பில்தான் வெட்டினார், அன்பில்தான் கொண்டுவந்தார். எங்கள் ஆட்களுக்கு அன்பு வந்தால் கண்ணுக்கு முன்னால் நிற்கிற ஒருவரைத் தவிர வேறு யாரும் தெரிவதில்லை.

ஐயாவின் மனைவி அவருடைய கையைப் பிடித்தார். "இஞ்சாருங்கோ, வாங்கோ கவுண்டருக்கு" என்றார்.

"எனக்கு ஏலாது."

"அப்ப நான் போறன். நீங்கள் வேட்டியை வாங்கிக் கட்டுங்கோ, நேரமாகுது." போகிற வழியில் என் முழங்கையைத் தொட்டு, "குறை நினையாதேங்கோ தம்பி" என்றார். எல்லா அறைகளின் கணக்கிலும் காசைத் திரும்ப ஏற்றிவிட்டுத்தான் அந்த அம்மா விழாவுக்குப் போனாராம். உறை திரும்பி வரவில்லை. மேசையிலும் யாரும் ஒன்றும் வைக்கவில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டு மண்டபத்தில் நான் அவளைப் பிடித்து ஏசினேன். "கூரை, பிள்ளை. கூரை!"

"தெரியும்."

"பேசாம வாங்கியிருந்தா ஆருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்தானே. பிறகு உங்களோட ஒண்டா இருந்து எப்பிடிச் சாப்பிடுறது?" என்று கேட்டுவிட்டு, என் தட்டிலிருந்த பொரித்த மீனை எடுத்துத் தன் தட்டில் வைத்தாள். கூரை போனது. மீனும் போய்விட்டது.

நடந்ததைச் சலவைப் பகுதியில் நான்தான் சொன்னேன். பல நாட்டுக்காரர்கள், பாதி விளங்கும் ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள். ஆனால் இது முழுதாக விளங்கியது. அன்றிலிருந்து அவளுடைய சீருடை வந்தால் மேற்பார்வையாளரே இயந்திரத்தை விலக்கிவிட்டுக் கையால் அயன் பண்ணுவார். கப்பலின் கப்டனுடைய சட்டைக்குக்கூட அப்படியொரு மடிப்பு விழுந்திருக்காது. ஒரு கிழமை கழித்து அவள் கீழே வந்து நின்றாள்.

"அண்ணை, ஆர் இவ்வளவு கஞ்சி போடுறது? சட்டை பலகை மாதிரி நிக்குது. குனிஞ்சு படுக்கை விரிக்கேலாமல் கிடக்கு!"

நான் மொழிபெயர்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் ஒன்றும் விளங்காமல், பிறகு விளங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அவளோடு ஒரே மண்ணில் பிறந்தவன் நான் என்று அன்றைக்கு எத்தனை பேரிடம் சொன்னேன் என்று தெரியாது.

ஐயா போகும்போது, பணிப்பெண் மரியாதையில்லாமல் பேசினாள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மேலாளர் அவளைக் கூப்பிட்டார். விசாரணை முடிந்ததும், ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டாராம். இவள் பழைய கேள்வியையே கேட்டாள்: எங்கள் பேரில் எடுக்கிற காசு முழுக்க எங்களுக்கு வருகிறதா? பேசின சம்பளம் ஒழுங்காக வருகிறதுதானே என்றார் அவர். "நான் கேட்டது அதில்லையே" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இன்றுவரைக்கும் அந்தக் கேள்விக்கு எங்கள் இருவருக்கும் விடை தெரியாது.

ஒப்பந்தம் முடிந்து இரண்டு பேரும் ஊருக்கு வந்தோம். எனக்கு உடனேயே அடுத்த அழைப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. நான் போகவில்லை. கையில் இருந்ததோடு நெளுக்குளத்தில் ஒரு சலவைக் கடை போட்டேன். கல்யாண மண்டபங்களின் விரிப்பும், மாப்பிள்ளைமாரின் பட்டு வேட்டியும் இப்போது என்னிடம்தான் வருகின்றன. விளம்பரப் பலகையில் என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். மாமி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு தன் கூறைச்சேலையைக் கொண்டுவந்து, "பழுதாக்கிப் போடாதையும்" என்று தந்தார்.

அவள் உடையார்கட்டில் காணியில் கச்சான் கடலை போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அந்த மாரியும் தாய் தகரக் கொட்டிலில்தான் இருந்தார். மழை அடித்த நாட்களில் எனக்குக் கடையில் வேலை ஓடாது. போன் எடுத்தால், "அம்மா குடையைப் பிடிச்சுக்கொண்டு சமைக்கிறா. வெளியில மழை, உள்ளுக்கும் மழை" என்று சிரிப்பாள். ஐயாவின் உறையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசியில் வேறொரு கப்பலில் இருந்து அழைப்பு வந்து, போய், அந்த ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டு வந்துதான் கூரை போட்டாள்.

புது வீட்டுக் குடிபூரலுக்குக் குடும்பத்தோடு போனேன். சிவப்பு ஓடு போட்ட, உயரமான கூரை. ஆடு மேய்ந்த விறாந்தையில் சனம் நிறைந்திருந்தது. வாசலில் ஒரு மேசை. வருகிறவர்கள் அன்பளிப்பு உறைகளை அதில் வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். "இதென்ன புதுப் பழக்கம், கையில குடுக்க விடுறாளில்லை" என்று ஒரு கிழவர் முறைப்பட்டுக்கொண்டே வைத்தார்.

நானும் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து மேசைப் பக்கம் குனிந்தேன். உள்ளேயிருந்து அவள் விறுவிறுவென்று வந்தாள்.

"நில்லுங்கோ அண்ணை."

நிமிர்ந்தேன். சபையைப் பார்த்துத் திரும்பினாள். "இவர் ஆரெண்டு கேட்டனீங்கள்தானே அம்மா. கப்பலில என்ர உடுப்புத் தோய்ச்சவர். இவரும் கூட நிண்டவையும் அயன் பண்ணின சட்டையோடதான் நான் ஒருத்தருக்கும் தலை குனியாம நிண்டனான்."

ஒரு காலத்தில் நான் ஒளித்து வைத்த வேலை. அத்தனை பேருக்கும் முன்னால் அவள் அதைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற மாமி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஓம், எங்கட மருமகன்தான்" என்றார்.

நான் மறுபடியும் மேசைக்குக் குனிந்தேன்.

"மேசையில வைக்காதேங்கோ" என்றாள். "அது எங்கட காசு. இஞ்ச தாங்கோ."

இரண்டு கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினாள். கழுவுகிற மருந்தில் வெளிறிப்போன அந்த உள்ளங்கைகளை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.